கணக்கை வெளியில் வையுங்கள்: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசுக்கும் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கும் வணக்கம்.

பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை எந்த டீக்கடையில் இட ஒதுக்கீட்டுப் பேச்செடுத்தாலும் ஆளுக்கொரு சதவீதம் சொல்கிறார்கள், நாங்கள் இத்தனை பேர், எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான், மிச்சத்தை அவன் தின்றுவிட்டான் என்று. அந்த 'அவன்' பெரும்பாலும் அதே எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இருக்கும் பக்கத்துத் தெருக்காரன். யார் சொல்வது சரி என்று பார்க்க எங்களிடம் ஒரு முழுக் கணக்கு இல்லை.

இட ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில் கம்யூனல் ஜி.ஓ., அதாவது வகுப்புவாரி ஒதுக்கீட்டு அரசாணை, வந்தது, 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, இங்கே எழுந்த எதிர்ப்பில் அதே ஆண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தி, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவைச் சேர்த்தார்கள். என்னைப் பொறுத்தவரை அது முடிந்த வழக்கு.

எங்கள் சண்டை அதற்கு உள்ளே. 1987 செப்டம்பரில் வன்னியர்கள் தனி ஒதுக்கீடு கேட்டுத் தென்னார்க்காட்டில் (கடலூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான்) ஒரு வாரம் சாலை மறியல், மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே நாட்களில் சேரிகளில் வீடுகளும் எரிந்தன, அதை மறைத்துவிட்டு அந்தப் போராட்டத்தைப் பேசுவது நியாயமே இல்லை. 1989இல் வன்னியரும் சேர்ந்த எம்.பி.சி.க்கு 20 சதவீதம் வந்தது. அப்புறம் 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், அதை வன்னியருக்கு 10.5, மற்ற 115 சாதிகளுக்கு 9.5 என்று பிரித்து அவசரமாகச் சட்டம் போட்டீர்கள். நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு, இப்படிப் பிரித்ததற்கு இன்றைய தரவு எங்கே என்றுதான் நீதிபதிகள் கேட்டார்கள். நீங்கள் நம்பியிருந்ததோ 1980களில் அம்பாசங்கர் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் எடுத்த கணக்கு. அப்போது பிறந்தவர்களின் பிள்ளைகளே இன்று காலேஜுக்குப் போகிறார்கள்!

தலையை எண்ணினால் மட்டும் போதாது. யாருக்கு என்ன கிடைத்தது என்பது தெரிய வேண்டும், அதற்கு வீடு வீடாகப் போகவும் வேண்டாம், உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறது. கவுன்சலிங்குக்குக் கொடுக்கும் கம்யூனிட்டி சர்டிபிகேட்டில் எம்.பி.சி. என்று மட்டுமா இருக்கிறது, சாதிப் பெயரும்தானே இருக்கிறது? டி.என்.பி.எஸ்.சி.யிலும் அப்படித்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சலுகை வாங்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் சாதிவாரியாகப் பிரித்தாலே, எந்தச் சாதியில் இன்னும் வீட்டில் ஒருவர்கூடப் பட்டம் வாங்காத குடும்பங்கள் அதிகம் என்று தெரிந்துவிடும்.

வெளியிட்டால் கலவரம் வரும் என்று அதிகாரிகள் பயப்படலாம். கணக்கு இல்லாமல்தான் இப்போது அடித்துக்கொள்கிறோம். தேவனாம்பட்டினம் மீனவரின் மகனும் நெல்லிக்குப்பம் வன்னியரின் மகளும் ஒரே கல்லூரியில் ஒருவரையொருவர் திருடனைப் போலப் பார்க்கவேண்டியதில்லை.

ஆட்களின் பெயர் வேண்டாம். சாதிவாரியாக, ஒதுக்கீட்டில் வந்தவர் எத்தனை, பொதுப் போட்டியில் வந்தவர் எத்தனை, குரூப் 1இல் எத்தனை, குரூப் 4இல் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நாங்கள் ஒவ்வொருவராக ஆர்.டி.ஐ. போட்டுத் துண்டு துண்டாக வாங்கும்படி வைக்காதீர்கள். 1989 முதல் எடுக்க முடியாவிட்டால், அந்தச் சட்டம் போட்ட 2021இலிருந்தாவது தொடங்குங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்