திரும்பிப் பார்த்துவிட்டேன்

தூத்துக்குடி
3-11-2024

அன்பு மகள் செல்விக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் நலம். நீயும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தீபாவளி அன்று மறுபடியும் தைவானில் புயல் கரையேறியதை டிவியில் காட்டினார்கள். தைத்துங் பக்கம்தான், பிள்ளை இருக்கிற காவ்சியுங் இல்லை என்று அந்தோணி மாமா போனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினார். மனசு கேட்கவில்லை. நாலு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ‘நல்லா இருக்கேன்ப்பா, லேபில் வேலை’ என்று மெசேஜ் வந்தது. சரி, வேலை இருக்கும். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். உனக்கு நேரம் கிடைக்கிறபோது படித்துக்கொள்.

வெந்நீர் குடிக்கிறாயா? நான் வாங்கி வைத்துவிட்டு வந்த பிளாஸ்கை ஷெல்ஃபிலேயே வைத்துவிடாதே.

நேற்று கல்லறைத் திருநாள். வெள்ளிக்கிழமையே போய் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். கிளாரா சித்தி மல்லிகையும் செவ்வந்தியும் கொண்டுவந்தாள். கடல்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ரெண்டு சிரட்டையை மறைப்புக்கு வைத்து ஏற்றினேன். அந்தச் சின்ன நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது டோங்காங் கடற்கரையில் பார்த்த நெருப்பு ஞாபகம் வந்தது. அப்போதிருந்து மனசு சரியில்லை.

நீ என்னை அந்தக் கப்பல் எரிக்கிற திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. காவ்சியுங்கில் புயல் அடித்து ரெண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோமே, அடுத்த வாரமே பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனாய். எரிக்கப்போகிற கப்பல் என்று நீ சொன்னபோது மூங்கிலும் காகிதமுமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 1973-க்கு முன்னால் அப்படித்தான் இருந்ததாமே. போய்ப் பார்த்தால் முழுக்க மரம். 45 அடி இருக்கும், கண்ணாலேயே அளந்தேன். மூன்று பாய்மரம். முன்பக்கம், அணியத்தில் ரெண்டு கண் வரைந்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாலும் பலகையும் பலகையும் சேர்கிற இடத்தில் ஒரு நகம்கூட நுழையாது என்று தெரிந்தது. கடலில் இறங்காத கப்பலுக்கு யார் இப்படிப் பொருத்துவார்கள்! மாதக்கணக்கில் அந்த ஊர் ஓடாவிகள் கூலி வாங்காமல் முறைவைத்து வந்து கட்டினார்கள் என்று நீ சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாற்பது வருஷம் தோணி கட்டியவன் நான். ஃபைபர் வந்த பிறகு ஐனிப் பலகையைக் கேட்க ஆளில்லை. அங்கே எரிப்பதற்காகவே மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தொழிலைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த வயசான ஓடாவி என் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாரே, அதை நான் இங்கே பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லியாயிற்று. அவருக்கும் அதே இடத்தில்தான் காய்ப்பு. நீ நடுவில் நின்று அவர் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். அடிமரமான ஏராவுக்கும் விலா எலும்புபோல வளைகிற வங்குக்கும் அவர்கள் பாஷையில் வார்த்தை தெரியாமல் கையை வளைத்துக் காட்டினாய். பட்டறையில் சீவல் பொறுக்கி விளையாடிய பிள்ளை, வேற்று நாட்டில் என் தொழிலை இன்னொரு தொழிலாளிக்கு எடுத்துச் சொல்கிறாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் அவ்வளவு பேசுகிறவள், பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசியவள், அப்பாவிடம் மட்டும் ‘ம்’, ‘ஆமாப்பா’, ‘சாப்பிட்டேன்ப்பா’ என்று முடித்துக்கொள்கிறாய்.

அந்தப் பாட்டியைக் கேட்டதாகச் சொல். டோங்காங் அவர் பிறந்த ஊர் என்பதால்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வானத்திலிருந்து நியமனம் பெற்று ஊர் ஊராகச் சோதனைக்கு வருகிற ராஜாக்கள், முதல்நாள் கடற்கரையில் போய் அவர்களை வரவேற்பது, எட்டு நாள் தோங்லுங் கோயிலில் வைத்து விருந்து கொடுப்பது, கடைசியில் ஊரில் இருக்கிற நோய்நொடியெல்லாம் ஏற்றிக் கப்பலோடு அனுப்புவது. முன்காலத்தில் அக்கரையில், ஃபூஜியன் பக்கம், அந்தக் கப்பலைக் கடலில்தான் தள்ளிவிடுவார்களாம். அது மிதந்துவந்து எந்த ஊரில் ஒதுங்குகிறதோ அந்த ஊர்க்காரர்கள் பயந்துபோய் அங்கே ஒரு கோயில் கட்டுவார்களாம். நம் ஊர் நோயை இன்னொரு ஊர்க் கரைக்கு அனுப்புவதைவிட எரிப்பது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனாலும் கொள்ளைநோய்க்குப் பயந்து கும்பிடுகிற ஜனங்களைப் பார்த்தால் எந்தக் கோயில் என்று கேட்கத் தோன்றவில்லை. 2021-ஐப் பார்த்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி நாள் அந்தக் கப்பலைத் தெருத்தெருவாக இழுத்து வந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு, பழமும் ஊதுபத்தியும் வைத்திருந்தார்கள். அப்போது பாட்டி உன் கையில் ஒரு காகித பொம்மை கொடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும், மனுஷ வடிவில் வெட்டியது. உடம்பில் தடவி, வாயால் ஊதிக் கொடுத்துவிட்டால், நமக்கு வந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டு கப்பலில் போய்விடும் என்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார். மரியாதைக்கு வாங்கி மேலோட்டமாகத் தடவிக் கொடுத்துவிட்டேன். நீயும் அப்படித்தான் செய்வாய் என்று நினைத்தேன். படித்த பிள்ளை, ஆராய்ச்சி செய்கிறவள்.

நீ தலையில் தடவவில்லை. நெஞ்சில் தடவவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கி, இடது பக்கம் வைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாய். கப்பல் நம்மைத் தாண்டிப் போகிற அளவு நேரம். பாட்டி உன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவருக்குத் தெரியும் என்று அந்தத் தட்டிலேயே எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் மாதம், அந்த வெக்கையில், மூன்று வாரமும் நீ அந்தத் துணியை எடுக்கவில்லை. சமையலறையில் டப்பாவுக்குப் பின்னால் இருந்த மாத்திரையை வைட்டமின் என்றாய். சரி என்றேன். கூனி போட்டுச் சோறு வதக்கிக் கொடுத்தாய், அந்த ஊர் சிவப்புக் கூனி எவ்வளவு ருசி. உன் தட்டில் பாதி அப்படியே இருந்தது. நான் எதையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வெந்நீர் குடி. ராத்திரி கண் விழிக்காதே. ஏசியில் படுக்காதே, படுத்தால் கழுத்தை மூடிக்கொள். துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தால் தொண்டைக்கு நல்லது.

ராத்திரி முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தோம். கப்பலுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி வழி விட்டார்கள், கடல் வந்துவிட்டது என்று அதற்குச் சொல்வதுபோல. அரிசி, உப்பு, பாத்திரம் என்று பயணத்துக்கு வேண்டியதெல்லாம் ஏற்றிச் சுற்றிலும் காகிதக் கட்டுகளை மலையாக அடுக்கினார்கள். பாயை ஏற்றினபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். வெடியைக் கொளுத்தினதும் நெருப்பு அடியிலிருந்து பிடித்தது. அதுவரைக்கும் காது கிழிய அடித்த மேளமும் சேகண்டியும் நின்றுபோயின. கொடிகளைச் சுருட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் வாய் திறக்காமல் நடக்க ஆரம்பித்தார்கள். பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் போகிறது கூட வந்துவிடும் என்று பாட்டி முதலிலேயே சொல்லியிருந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தாய். ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கப்பல் எரிகிறது, ஓடாவியால் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? பலகை முதலில் போயிற்று. வங்குகள் மட்டும் வரிசையாகச் செந்தணலாக நின்றன. ஏராவை வைத்து, வங்கு நிறுத்தி, அப்புறம் பலகை அடிப்போம் இல்லையா? நான் கட்டுகிற முறையை அந்த நெருப்பு கடைசியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கொடுத்த காகிதம் அதற்குள் இருக்கிறது என்பது அப்போது புத்தியில் இல்லை. ஊருக்கு வந்த பிறகு, நீ நாலு தடவை போனை எடுக்காதபோதுதான் உறைத்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, செல்வி. ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இது ஒன்றுதான் ஓடுகிறது. அந்தப் பாட்டியிடம் கேள், இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று. என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

கோபியின் கல்யாணம் தை மாதம். வீட்டுக்குப் பின்பக்கம் கைப்பிடிச் சுவரைக் கட்டி முடித்தாயிற்று. மற்ற விஷயம் எழுத வரவில்லை.

இதை எழுதாமல் கடிதத்தை மூடினால் நேற்று கல்லறையில் நின்றதற்கு அர்த்தம் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாளில், சாதாரணக் காய்ச்சல்தான், இறங்கிவிட்டது, தூங்குகிறாள் என்று தினமும் உன்னிடம் சொன்னேன். உனக்குப் பரீட்சை மாதிரி ஏதோ கடைசிக் கட்டம் இருந்தது, அது கெட்டுவிடக்கூடாது என்று. விமானமும் இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. இந்தக் காரணங்களையெல்லாம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், நீயும் கேட்டிருப்பாய். சொல்லாதது ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா முகமூடியைக் கையால் தூக்கி, “பிள்ளையைக் கூப்பிடுங்க” என்றாள். நான், “அங்கே இப்போ நடுராத்திரி, தூங்கிக்கிட்டு இருப்பா, காலையில கூப்பிடுவோம்” என்றேன். அப்போது இங்கே மணி ஏழு. உனக்கு ஒன்பதரை. எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அந்த நேரத்தில்தானே உன்னிடம் பேசுவேன். அவள் மூச்சு வாங்குகிறதைக் கேட்டால் நீ பயந்துவிடுவாய் என்று பயந்தேன். அதைவிட, உன் முன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அரைமணி கழித்து இன்னொரு தடவை கேட்டாள். அதே பொய்யைச் சொன்னேன். காலையில் அவளால் பேச முடியவில்லை.

மூன்றரை வருஷமாக நீ இதை என்னிடம் கேட்டதில்லை. கோபித்தால் கோபித்துக்கொள், எனக்கு வேண்டியதுதான். ஆனால் சமையலறையில் நீ வைட்டமின் என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். “தூங்குறா, காலையில பேசலாம்” என்று போனில் சொன்னபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை உனக்கு லீவு. ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய். இங்கே சாயங்காலம் ஐந்தரை. வேறு எந்த நேரமானாலும் சரி, இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் நான் எடுப்பேன். எது இருந்தாலும் அப்படியே சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், அழவும் மாட்டேன். பாஸ்போர்ட் பீரோவில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா