ஆண்டறிக்கை: பரிசாகக் கப்பலேறிய விலங்குகள்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வரலாற்று வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. மழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன்: 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் பரிசாகப் போன விலங்குகள்.

முதலில் அன்னோ யானையைப் பற்றிப் பேசினோம். போர்ச்சுகல் மன்னர் மனுவேல் அதை 1514இல் ரோமில் போப் பத்தாம் லியோவுக்கு அனுப்பினார். அது போப்பின் முன் மூன்று முறை மண்டியிட்டு, துதிக்கையால் கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சியதாம். இரண்டே ஆண்டில் நோயுற்று, தங்கம் கலந்த மருந்து கொடுத்தும் பிழைக்கவில்லை.

அடுத்த மூன்று கூட்டங்களையும் ஒரே ஒரு காண்டாமிருகம் எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. டியூவில் கோட்டை கட்ட அனுமதி வேண்டி போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகர்க் 1514இல் குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபரிடம் தூது அனுப்பினார். கோட்டைக்கு இடம் கிடைக்கவில்லை, காண்டாமிருகம் கிடைத்தது. வைத்துக்கொண்டு என்ன செய்வது? அல்புகர்க் அதைத் தம் மன்னருக்கு அனுப்பிவிட்டார். 1515 ஜனவரியில் கோவாவில் கப்பலேறி, மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பின் ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம் அது.

யானையும் காண்டாமிருகமும் பிறவிப் பகைவர்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க மனுவேல் தம்மிடமிருந்த வேறொரு இளம் யானையோடு காண்டாமிருகத்தை மோத விட்டார். யானை மிரண்டு ஓடிவிட்டது. சண்டையே நடக்கவில்லை. இந்த இடத்தை வாசித்தபோது நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "யாருக்கு யார் பகை? பாவம், ரெண்டுமே ஊரை விட்டு வந்ததுங்கதானே" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் மனுவேல் காண்டாமிருகத்தையும் போப்புக்கு அனுப்பினார். கீழை நாடுகளில் தாம் பிடித்த இடங்களுக்குப் போப்பின் ஆதரவு வேண்டியிருந்தது அவருக்கு. கழுத்தில் பச்சை வெல்வெட் பட்டை கட்டினார்கள். வழியில் மார்சேய் அருகே பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா வந்து பார்த்துப் போனார். 1516இன் தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே புயலில் கப்பல் மூழ்கியது. இந்தியக் காண்டாமிருகம் நன்றாக நீந்தும். ஆனால் அதைத் தளத்தோடு சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். நான் வாசித்த வரலாற்றில் இவ்வளவு மனம் கனத்த வரி குறைவு.

ஜெர்மன் ஓவியர் ட்யூரர் அதைப் பார்த்ததே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு கோட்டுப்படத்தையும் விவரத்தையும் வைத்து மரச்செதுக்கில் வரைந்தார். கவசம் போட்ட உடம்பு, முதுகில், நிஜத்தில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு. அந்தப் படம்தான் பல தலைமுறைக்கு ஐரோப்பா அறிந்த காண்டாமிருகம்.

அப்புறம், காண்டாமிருகத்தோடு கப்பலில் போன பராமரிப்பாளரை நாம் மறக்கக்கூடாது என்று மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். போர்ச்சுகீசிய ஏடுகளில் அவர் பெயர் ஓசெம் என்று இருக்கிறது. எத்தனையோ விலங்குகளைக் கூட்டிப்போன பாகர்களில் பெயர் தங்கியவர்கள் மிகச் சிலர். வாசிப்பறைச் சுவரில் நாம் மாட்டிய ட்யூரர் படத்தின் கீழே ஓவியர் பெயரோடு அவர் பெயரையும் எழுதியிருக்கிறோம். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.

1552இல் வியன்னாவுக்குப் போன சுலைமான் யானைக்கு நேரம் போதவில்லை, அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் செலுத்திவிட வேண்டுகிறேன். அரங்கம் தந்தவர்களுக்கும், கூட்டம்தோறும் தேநீர் போட்டுத் தந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்