வினாவை மாற்றாமல் அதன் மொழியை மாற்றுவது

அன்புள்ள சபாபதிக்கு,

இங்கு அனைவரும் நலம். வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சியளித்தது. காது கேளாத மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுத்த பிறகு, கணிதத்திலும் அறிவியலிலும் வேறென்ன தேவைப்படும் என்று கேட்டிருந்தீர்கள்.

நேரம் தேவைதான். ஆனால் சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு வினாத்தாளின் மொழி இரண்டாம் மொழி. அதுவும் காதில் விழாமல் கண்ணால் மட்டுமே கற்ற மொழி. புரியாத வாக்கியத்தை இன்னும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது புரிந்துவிடாது. 'ஓர் எண்ணைவிட 5 குறைவான எண்ணின் இருமடங்கு 18 எனில் அந்த எண் யாது?' என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாடாகக் கொடுத்தால் உடனே 14 என்று எழுதக்கூடிய மாணவி, 'அந்த எண்' எந்த எண் என்பதிலேயே நின்றுவிடுகிறாள். (கேட்கும் பிள்ளைகளும் அங்கே தடுமாறுவார்கள் என்பது வேறு விஷயம்.) 'ஓர் எண் உள்ளது. இரண்டாவது எண் அதைவிட 5 குறைவு. இரண்டாவது எண்ணின் இருமடங்கு 18. முதல் எண் எது?' என்று எழுதினால் கணக்கு அப்படியே இருக்கிறது, முடிச்சு மட்டும் அவிழ்ந்துவிடுகிறது. அதற்கு மேலும் சென்று '5-ஐக் கழித்து 2-ஆல் பெருக்கு' என்று எழுதினால், மாணவி செய்ய வேண்டியதில் பாதியை நாமே செய்துவிடுகிறோம். அதை நான் ஏற்கமாட்டேன். கலைச்சொற்களையும் மாற்றக் கூடாது, ஏனெனில் அவற்றை அறிந்திருப்பதும் தேர்வின் ஒரு பகுதி.

வினாவைச் சைகையில் எடுத்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் இணைகோடுகளுக்கான சைகை பல சைகை மொழிகளில் ஒன்றையொன்று தொடாமல் செல்லும் இரு கோடுகளையே காட்டிவிடுவதால், 'இணைகோடுகள் என்றால் என்ன?' என்ற வினாவுக்கு விடை மொழிபெயர்ப்பாளரின் கையிலேயே வந்துவிடும். அத்தகைய சொற்களை விரல் எழுத்துகளால், அதாவது விரல்களால் எழுத்து எழுத்தாகக் காட்டவோ, தாளில் உள்ள சொல்லைச் சுட்டவோ வேண்டும் என்று முன்கூட்டியே விதி வகுத்துவிடுவது நல்லது.

செய்முறைத் தேர்வில் கருவியையும் கைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது; எனவே விளக்கத்தை முழுவதும் முடித்த பிறகே கருவியைத் தொடச் சொல்ல வேண்டும். ஒலி பற்றிய சோதனைகளைத் தவிர்த்துவிடலாம் என்ற யோசனை குழுவில் எழுந்தால் தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள். ஒத்ததிர்வுக் குழாயில் ஒலி உரத்துக் கேட்கும் இடத்தைக் காதால் கண்டறிய வேண்டியிருப்பதால் அது இவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராயும் சுரமானியில், கம்பியின் மேல் வைத்த சிறு காகிதத் துண்டு, ஒத்ததிர்வு ஏற்பட்டுக் கம்பி பலமாக அதிர்ந்ததும் துள்ளிக் கீழே விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதையெல்லாம் சலுகை என்று எவரேனும் முணுமுணுத்தால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். கல்வியில் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளை அது உரிமையாகவே பேசுகிறது.

வரைவுத் தாள் அச்சுக்குப் போகுமுன், இப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துத் திருத்த இரகசிய விதிகள் இடம் தருமா என்று விசாரித்து எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
நடராசன்