முதியோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை (2021 ஏப்ரல் – 2022 மார்ச்)

பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கரையோரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் ஆண்டு வேலையில் பெரும்பங்கைக் கொரோனாவே எடுத்துக்கொண்டது. கண் சிகிச்சை முகாம் தள்ளிப்போனது. பொங்கல் விழா நடைபெறவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் இரண்டாம் அலையின் உச்சமும் ஒன்றாக வந்தன. விசைப்படகுகள் கரையில் நின்றதால் பிள்ளைகளும் பேரன்மாரும் வீட்டோடு இருந்தனர். வெளியே சுற்றிவிட்டு வரும் அவர்களிடமிருந்து ஒற்றை அறை வீட்டுப் பெரியவரைக் காப்பது எப்படி என்பதே நம் முதல் கவலையாயிற்று. 2020-இல் பெரியவர்களின் சாப்பாட்டுத் தட்டைப் பிரித்து வைத்தோம்; ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காற்றைத்தான் சுவாசித்தோம். இம்முறை பெரியவர்களின் கட்டிலைத் திண்ணைக்கும் ஓலைக் கொட்டகைக்கும் மாற்றச் சொன்னோம். இதைச் சொன்ன நாமே ஒரு செயற்குழுக் கூட்டத்தைச் சன்னல் திறக்காத அறையில் நடத்தினோம், அத்தவறு என்னுடையது.

கை கழுவுவதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை என்பதால் பலர் கையை வெறுமனே அலசிவிட்டுப் போயினர். குடிதண்ணீரில் நாளுக்கு ஒரு செம்பை இதற்கென ஒதுக்கும்படி, குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குபவரிடம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் ஒதுக்கினர்.

60 வயது கடந்தவர்களுக்கு 2021 மார்ச் 1 முதலே தடுப்பூசி போடப்பட்டும், மீன்கூடை சுமக்கும் பெண்கள் தயங்கினர். "காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் ஏவாரம் போயிருமே தம்பி" என்றார் ஓர் ஆத்தா. அதில் நியாயம் இருந்தது. வரத்துக் குறைந்த தடைக்காலத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையும் அவருடையதே. மே மாதத்தில் கோவிஷீல்டு தவணைகளின் இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீண்டபோது, தேதி எழுதிய சீட்டை ஒவ்வொருவரின் ரேஷன் அட்டை உறையிலும் செருகி வைத்தோம். ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரத் தொடங்கியபின், மருத்துவமனை வரிசையில் நெருக்கியடித்து நிற்பதும் குறைந்தது.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் கருவியான ஆக்சிமீட்டர் வீடு வீடாகச் சுற்றியது; அதில் அளவு 94-க்குக் கீழே இறங்கினால், விரல் குளிர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்குப் பழக்கினோம். வாங்கிய மூன்று கருவிகளில் இரண்டே திரும்பியுள்ளன. மூன்றாவதை வைத்திருப்பவர் பொருளாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்