மஞ்சள் கோடு போட்ட கைகளுக்கு நன்றி

பாலக்கோடு வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் மக்களுக்கும், எங்களோடு நின்ற அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். போதைப் பழக்கம் நம் பிள்ளைகளை அண்டக்கூடாது என்று நாம் ஒன்றுகூடி ஓராண்டு ஆகிறது. உதவியவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பணத்தில் விளையாட்டுத் திடலில் இன்னும் இரண்டு விளக்குப் போடலாம் என்று மகளிர் குழுவில் முடிவானது. அதனால் நன்றியை எழுத்தில் சொல்கிறேன்.

இது என் வீட்டில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகனுடைய ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. மெல்லிய துணி, புதினா வாசனை. ஏதோ மிட்டாய் என்றுதான் நினைத்தேன். அவனை வெளிச்சத்தில் நிறுத்திக் கீழ் உதட்டை மடித்துப் பார்த்தேன். உள்சதை வெளுத்துச் சுருங்கி, வெந்நீர் பட்ட தோல் போல இருந்தது. பொட்டலத்துக்குள் இருந்தது புகையிலை. அன்று இரவு அவனை அடித்தேன். மறுநாள் அவன் வேறு இடத்தில் ஒளித்து வைத்தான், அவ்வளவுதான்.

அப்போது புளிக்காலம். களத்தில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எதிரில் இருந்தவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “என் பையனும்தான் அக்கா” என்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. மானம் போய்விடும் என்று வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததை அந்தக் களத்தில் திறந்து சொன்ன அந்தப் பெண்களுக்கே என் முதல் நன்றி. அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்றும் என் பிள்ளையை மட்டும் அடித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த நன்றி ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, 18 வயது ஆகாதவர்களுக்கு எங்குமே விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னவர் அவர்தான். 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர். கொத்தனார் அண்ணன் தன்னுடைய 30 மீட்டர் நாடாவைக் கொடுத்தார். பள்ளி வாசலிலிருந்து மூன்று முறை நீட்டி, மேலும் ஒரு மீட்டர் தள்ளி, சாலையின் குறுக்கே பிள்ளைகளே மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உட்பக்கம் மூன்று கடைகள் வந்தன. அதில் ஒன்று என் சின்னம்மாவுடைய கடை.

இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சின்னப்பா போன பிறகு சின்னம்மாவுக்கு அந்தப் பெட்டிக்கடை ஒன்றுதான் பிழைப்பு. சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பொட்டலங்களில் வந்த லாபம் அவருக்கு அரிசியிலும் எண்ணெயிலும் வந்ததில்லை. “பள்ளிக்கூடத்துக்குக் கோடு போட்டுவிட்டாய், என் வயிற்றுக்கு யாரடி கோடு போடுவது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் காலையில் அங்கன்வாடிக்கு வந்தார். சரங்களையெல்லாம் அவரே அறுத்து ஒரு கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பையை என் காலடியில் வைத்துவிட்டு, “உன் பிள்ளைக்கும் நான்தான் விற்றேன்” என்றார்.

மகளிர் குழு அவருக்குக் கடன் கொடுத்தது. சோப்பும் எண்ணெயும் அவரிடமே வாங்குவது என்று முப்பது வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். இப்போது கடலை உருண்டை பிடித்து விற்கிறார். ஆனாலும் பழைய வருமானம் இன்னும் வரவில்லை. அதை மறைத்துவிட்டு நன்றி சொல்வது பொய்யாகிவிடும். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம், அதற்குத் தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் சின்னம்மா.

கிராம சுகாதார செவிலியர் அக்காவை மறக்க முடியாது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு குடியை ஒரே நாளில் நிறுத்திய அண்ணன் ஒருவருக்கு மூன்றாம் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். காற்றுச் சேட்டை என்று மந்திரிக்கக் கிளம்பினார்கள். அக்கா வழியை மறித்து நின்று, பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், வலிப்பு வந்து உயிரே போகலாம் என்று சொல்லி 108-ஐ வரவழைத்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். குடியை நிறுத்தவும் மருத்துவர் துணை வேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அண்ணன் இப்போது சனிக்கிழமை மாலைகளில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். பெங்களூரில் கட்டட வேலை முடித்துக் கூலியோடு இறங்குகிறவர்களோடு பேசிக்கொண்டே அவரவர் வீட்டு வாசல்வரை நடக்கிறார். அறிவுரை எதுவும் சொல்வதில்லை. கூடவே போகிறார். அது போதும் என்கிறார்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் மதுக்கடையைத் தள்ளி வைக்கக் கோரித் தீர்மானம் போட்டபோது, “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று ஒருவர் கேட்டார். வாத்தியார் ஐயா எழுந்தார். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அன்றைக்கு நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன என்றார். அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது. கடை இன்னும் நகரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் கட்டியங்காரன் வாயால் குடிகாரன் வீட்டுக் கஞ்சிப் பானையின் கதையைச் சொல்லவைத்த கூத்து வாத்தியாருக்கும், மாலை ஏழரை வரை திடலைத் திறந்து வைக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் நன்றி. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கள்ளச்சாராயப் புகாருக்கு 10581 என்றும், பழக்கத்தை விட உதவி கேட்க 14446 என்றும் ஆளுயர எண்களில் எழுதிய கல்லூரித் தம்பிகளுக்கும், தகவல் சொன்னவர் பெயர் வெளியே போகாமல் காத்த காவலருக்கும் நன்றி.

என் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. நடுவில் இரண்டு முறை மறுபடி அதைத் தொட்டான், இரண்டு முறையும் அவனே வந்து சொன்னான். உதடு ஆறிவிட்டது. மழையில் மங்கிய கோட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபூச்சு அடித்தபோது, நாடாவின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறுமுனையைச் சின்னம்மா பிடித்திருந்தார்.

அன்புடன்,
உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர்