இணை இயக்குநர் அண்ணனுக்கு

அண்ணே,

திரைப்படக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். முதல் தவணை கட்டியாகிவிட்டது. அடுத்த ஷெட்யூலுக்கு வர மாட்டேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன், உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் என் மனதை மாற்றிவிடுவீர்கள். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது, அதுதான்.

எந்தப் படம், யார் இயக்குநர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். சார் மேல் எனக்கு மரியாதை உண்டு. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், இதில் எவன்டா காலேஜுக்குப் போனான் என்பீர்கள். மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவீர்கள். அப்புறம் பாலா, வெற்றிமாறன் என்று அடுத்த சங்கிலியை இழுப்பீர்கள். அவர்கள் தொழில் கற்றது பாலு மகேந்திராவிடம். அவரோ புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்தவர். நீங்கள் பெருமையாகக் காட்டுகிற சங்கிலியின் முதல் கண்ணி ஒரு வகுப்பறையில் இருக்கிறது.

ஆனால் நான் போவது இந்த வாதத்தில் ஜெயித்ததால் இல்லை. மழைக்கு ஷூட்டிங் நின்ற அந்த ராத்திரியால்தான்.

புரொடக்‌ஷன் வேனுக்குள் உட்கார்ந்து உங்கள் கதையைச் சொன்னீர்கள். பின்னணி இசையையும் வாயாலேயே போட்டீர்கள். மகளை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பும் அப்பா, பெட்டியின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் இடம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் கவனித்தீர்கள், கதையை நிறுத்தவில்லை. சார் கதை சொல்லி ஒருமுறைகூட நான் அழுததில்லை. (இதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

முடித்ததும் கேட்டேன், “பூட்டை இழுக்கும்போது கேமரா எங்கண்ணே இருக்கும்? மக முகத்துலயா, அவர் கையிலயா?” கொஞ்ச நேரம் பேசவில்லை நீங்கள். “அதெல்லாம் ஸ்பாட்ல பாத்துக்கலாம்” என்றீர்கள். மழை விடுகிற மாதிரி இல்லை, பெட்டி ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறது, இப்போதே போனில் எடுத்துப் பார்க்கலாமே என்றேன். உங்கள் முகம் மாறியது. “படம் எடுத்தா படமா எடுக்கணும்டா. போன்ல வெளையாடறதுக்கா இத்தன வருஷம் நிக்கிறேன்?”

அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு ஹீரோவின் கேரவனுக்கு ஓடினீர்கள்.

அண்ணே, இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுத்ததுண்டா? ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்று யாராவது உங்களைக் கேட்டார்களா? கூட்டத்தைக் கட்டுப்படுத்துவீர்கள், கால்ஷீட்டைச் சமாளிப்பீர்கள், எந்தக் காட்சியில் எந்தச் சட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். எனக்கும் அதையெல்லாம் சொல்லித்தந்தீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மோசமாக ஒரு படம் எடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. முதல் படமே வெள்ளிக்கிழமை ரிலீஸாகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் தலையெழுத்து தெரிந்துவிட வேண்டும். அந்தப் பயத்தை உங்கள் முகத்தில் பார்த்தேன். என் முகத்தில் அது வரக் கூடாது என்று நினைத்தேன். இப்படிச் சொல்வது கொடுமைதான், மன்னித்துவிடுங்கள். ஆனால் பொய் இல்லை.

பள்ளிகளைத் தேடும்போதும் இதைத்தான் விசாரித்தேன். சுவரில் தொங்கும் பிரபலங்களின் போட்டோவைப் பார்க்கவில்லை. முதல் வருஷமே கையில் கேமரா கிடைக்குமா, ஒரு கேமராவுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள், எடிட்டிங் அறை ராத்திரி திறந்திருக்குமா, படிப்பை முடிக்க எடுக்கும் டிப்ளமோ படத்தின் உரிமை யாருக்கு, கட்டணத்துக்கு மேல் அந்தப் படத்துக்கு நாம் எவ்வளவு போட வேண்டும் என்று பழைய மாணவர்களைப் பிடித்துக் கேட்டேன். அலுவலகத்தில் கேட்டால் கையேட்டைத்தான் நீட்டுவார்கள். ஓரிடத்தில் மாணவர் படம் ஒன்றைக் காட்டுங்கள் என்றதற்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளில் நடப்பதுபோல, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, எடிட்டிங் என்று தனித்தனியாகப் படிக்கிறவர்கள் சேர்ந்து ஒரே படத்தை எடுக்கும் இடமாகப் பார்த்தேன். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடப்போவதும் அந்தக் கூட்டம்தானே.

இன்னொன்று, இதுவும் உங்களுக்குப் பிடிக்காது. நான் சேர்ந்திருப்பது இயக்கத்தில் இல்லை, எடிட்டிங்கில். செட்டில் நாம் உயிரைக் கொடுத்து எடுத்த ஷாட் எது, எடிட்டர் தேடித் தவித்த ஷாட் எது என்று பார்த்த பிறகு எடுத்த முடிவு. கதையை எடிட்டிங் அறையில்தான் இன்னொரு முறை எழுதுகிறார்கள். நமக்கு அங்கே கதவுக்கு வெளியேதான் நாற்காலி.

போன வருஷம் நேர்முகத் தேர்வில் நான் தோற்றபோது, போலந்தின் வூச் திரைப்படப் பள்ளி இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியையே இரண்டு முறை திருப்பி அனுப்பி மூன்றாவது முறைதான் சேர்த்துக்கொண்டது என்று சொன்னது யார்? நீங்கள்தான். காலேஜே வேண்டாம் என்கிற ஆளுக்கு அது எப்படித் தெரிந்தது? நீங்களும் ஒரு காலத்தில் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தீர்களா? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்று குறித்துவைத்த கன்டினியூட்டி நோட்டும் காஸ்ட்யூம் போட்டோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் புதுத் தம்பியிடம் இருக்கின்றன. அவனை ரொம்பத் திட்டாதீர்கள். என் பேட்டா பாக்கியை நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் எனக்காகப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

எடிட்டிங் படிப்பவனுக்கு வெட்ட ஏதாவது வேண்டும். அந்தப் பூட்டுக் காட்சியை எடுத்து அனுப்புங்கள், போனில்தான். கை, முகம் இரண்டையும் எடுங்கள். எதை வைப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.