ஃபைனல் ஃபோரை மீண்டும் கூடைப்பந்து அரங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் ஆடவர் கூடைப்பந்துக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கப்போகும் ஊர்களை 2030 வரைக்கும் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். 2027ல் டெட்ராய்ட், 2028ல் லாஸ் வேகஸ், 2029ல் இண்டியானாபொலிஸ், 2030ல் டெக்சஸின் ஆர்லிங்டன். நான்கும் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய பெரிய ஸ்டேடியங்கள். நடுவில் மேடை போட்டு, அதன்மேல் கோர்ட் விரித்து, கல்லூரிக் கூடைப்பந்தின் மூன்று முக்கியமான ஆட்டங்களை அங்கே நடத்தப்போகிறீர்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஊர் தேடும்போது, இருபதாயிரம் பேர் உட்காரும் கூடைப்பந்து அரங்கங்களும் விண்ணப்பிக்கலாம் என்று உங்கள் நிபந்தனையை மாற்றுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

மேடை எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கால்பந்து மைதானம், இரு முனைகளிலும் உள்ள எண்ட் ஸோனையும் சேர்த்து 360 அடி நீளம், 160 அடி அகலம். கூடைப்பந்துக் கோர்ட் 94 அடிக்கு 50 அடி. பரப்பளவை வைத்துப் பார்த்தால் அந்த மைதானத்தில் பன்னிரண்டு கோர்ட் அடங்கும். கோர்ட்டை நடுவில் வைத்தால் ஒவ்வொரு கூடைக்குப் பின்னாலும் 133 அடி மிஞ்சுகிறது. அதாவது ஒரு முழுக் கோர்ட்டைவிட அதிகமான இடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சும்மா கிடக்கிறது. அதை நிரப்பத் தற்காலிக இருக்கைகளை அடுக்குகிறீர்கள். தட்டையான தரையில் வரிசை வரிசையாக ஆட்களை உட்கார வைத்தால் முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். அதனால் கோர்ட்டை ஏறக்குறைய இரண்டரை அடி தூக்கிவிடுகிறீர்கள். ஆட்டத்துக்கு மேடை எந்த விதத்திலும் தேவையில்லை. கட்டடம் ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை, அதைச் சரிக்கட்ட வந்ததுதான் மேடை.

உயர்த்திய கோர்ட் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் அரீனா 1928ல் திறந்தது. அங்கேயும் கோர்ட் உயரத்தில்தான் இருக்கிறது, வீரர்கள் கீழேதான் உட்காருகிறார்கள். ஆனால் அங்கே கூட்டம் கோர்ட்டை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சத்தம் கூரையில் மோதித் திரும்பி வரும். அந்த நெருக்கம் ஸ்டேடியத்தில் கிடைக்கவே கிடைக்காது.

ஒருமுறை அப்படியொரு ஸ்டேடியத்தில் மேலடுக்கில் உட்கார்ந்து பார்த்தேன். கீழே வெளிச்சத்தில் ஒரு சின்னச் செவ்வகம், அதில் பத்து உருவங்கள். பந்து ரிங்கில் உரசி வெளியே வந்ததா, உள்ளே போனதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கீழ் அடுக்கிலிருந்து சத்தம் எழும்பிய பிறகுதான் புரிந்தது. பக்கத்து இருக்கையில் ஓர் அப்பா, மகனைக் கூட்டி வந்திருந்தார். பையனுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். முதல் சில நிமிடம் கோர்ட்டில் தேடினான், அப்புறம் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இடைவேளை வரை கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. நானும் அதைத்தான் செய்தேன், எங்கள் வரிசை மொத்தமும் அதைத்தான் செய்தது. ஆர்லிங்டன் ஸ்டேடியத்தில் தொங்கும் திரை 160 அடி நீளம், 72 அடி உயரம். கோர்ட்டைவிடத் திரை பெரியது. அவ்வளவு பணம் கொடுத்து, விமானம் ஏறி, ஓட்டலில் தங்கி வருகிற ரசிகருக்கு வீட்டுக் கூடத்தில் கிடைப்பதையே இன்னும் தூரத்திலிருந்து காட்டுகிறோம். இது நியாயமில்லை.

வீரர்கள் பக்கம் வருகிறேன். ஸ்டேடியத்தில் கூடைக்குப் பின்னால் ஆள் சுவர் இல்லாமல் இருட்டுப் பள்ளம் இருப்பதால் வீச்சு கெடுகிறது என்று பலர் சொல்வதுண்டு. 2011 ஹூஸ்டன் இறுதி ஆட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். பட்லர் அணி 64 வீச்சில் 12தான் போட்டது, யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 53-41 என்று ஜெயித்தது. பார்க்கவே வருத்தமான ஆட்டம். ஆனால் நேர்மையாகப் பேச வேண்டும். ஐந்து வருடம் கழித்து, 2016ல், அதே ஸ்டேடியத்தில் வில்லனோவா ஓக்லஹோமாவை 95-51 என்று நொறுக்கியது. போட்ட வீச்சில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் உள்ளே போனது. 2018ல் சான் அன்டோனியோவின் அலமோடோமில் அதே வில்லனோவா கான்சஸுக்கு எதிராக 18 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டு ஃபைனல் ஃபோர் சாதனையே படைத்தது. ஆகவே வீச்சு விஷயத்தை நான் பிடித்துத் தொங்கப்போவதில்லை.

என்னை உறுத்துவது கோர்ட்டின் விளிம்பு. கூடைப்பந்தில் கோட்டைத் தாண்டிப் போகும் பந்துக்காகப் பாய்வது ஆட்டத்தின் உயிர். சாதாரண அரங்கத்தில் பாய்ந்தவன் முன்வரிசை ஆட்கள் மடியில் விழுவான், நாலு கை அவனைத் தூக்கி நிறுத்தும். மேடையில் கோட்டுக்கு அப்பால் கொஞ்சம் பலகை, அதற்கப்புறம் இரண்டரை அடி பள்ளம். பள்ளத்தில் கேமராக்காரர்கள், வயர்கள், நாற்காலிகள். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். முழு வேகத்தில் ஓடி வரும் இருபது வயதுப் பையனுக்கு அந்த இடம் எவ்வளவு நேரத்தில் தீர்ந்துபோகும் என்று யோசித்துப் பாருங்கள். விளிம்பு ஞாபகத்துக்கு வந்து அவன் அரை நொடி தயங்கினால்கூட அந்த ஆட்டம் குறைப்பட்டுவிடுகிறது.

பெஞ்சையும் பாருங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரரின் கண், கோர்ட்டில் ஆடுபவர்களின் முழங்கால் உயரத்தில்தான் ஏறக்குறைய இருக்கிறது. எதிரணி எப்படி நிற்கிறது, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று படித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியவர் அவர். தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் மேடை மேல் ஒரு ஸ்டூல். உதவிப் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கீழேயிருந்து கழுத்தை நீட்டிக் கத்த வேண்டும். அந்த சீசன் முழுவதும் தோளோடு தோள் உட்கார்ந்து ஆடிய அணியை, எல்லாவற்றிலும் பெரிய ராத்திரியில் மேலும் கீழுமாகப் பிரித்து வைக்கிறீர்கள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1968 ஜனவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமுக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கோர்ட்டையே கொண்டுவந்து போட்டார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழக வீரர் எல்வின் ஹேஸ் 39 புள்ளி எடுத்தார், லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் 71-69 என்று தோற்றது, வந்திருந்த கூட்டம் 52,693. கூடைப்பந்துக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று நாட்டுக்குக் காட்டிய ஆட்டம் அது. ஒரு தனி விழாவாக அது அருமையாக இருந்தது. விழா வழக்கமானதுதான் சிக்கல். 1982ல் மைக்கேல் ஜோர்டன் தன் அணியை ஜெயிக்க வைத்த வீச்சும் நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் ஸ்டேடியத்தில்தான். 1996ல் நியூ ஜெர்சியில் கென்டக்கி ஜெயித்ததுதான் சாதாரண அரங்கத்தில் நடந்த கடைசி ஃபைனல் ஃபோர். அதற்கப்புறமும் கொஞ்ச காலம் கோர்ட்டை ஸ்டேடியத்தின் ஒரு முனையில் போட்டுத் திரை கட்டி மறைத்தீர்கள். மூன்று பக்கமாவது கூட்டம் ஓரளவு பக்கத்தில் இருந்தது. 2009 டெட்ராய்ட் முதல் கோர்ட் நடுவுக்கு வந்தது, மேடை ஏறியது.

இந்த மாற்றத்தில் விடுபட்டுப்போன ஊர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கான்சஸ் சிட்டி பத்து முறை இந்தப் போட்டியின் முடிவை நடத்திய ஊர், வேறெந்த ஊரும் அத்தனை முறை நடத்தியதில்லை. இன்றைக்கு அது விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. 1976லும் 1981லும் நடத்திய ஃபிலடெல்ஃபியாவுக்கும் இதே கதி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்கு, ஃபைனல் ஃபோருக்கு முந்தைய மண்டல ஆட்டங்கள் மட்டும்தான்.

டிக்கெட் வருமானம் போய்விடும் என்பீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பணம் சின்னக் கல்லூரிகளுக்கும் போகிறது, அங்கே நீச்சல் அணியும் ஓட்ட அணியும் அதை வைத்துத்தான் நடக்கின்றன. ஆனால் உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. 2010ல் சிபிஎஸ், டர்னர் இரண்டோடும் 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர் ஒப்பந்தம்; 2016ல் இன்னும் எட்டு ஆண்டு, 880 கோடி டாலர், 2032 வரை. அந்தப் பணம் வீட்டில் பார்ப்பவர்களை நம்பி வருவது. வீட்டில் பார்ப்பவருக்கு மேலடுக்கு நிரம்பியதா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

இதற்குச் சாட்சி உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு இன்றுவரை கிடைத்த மிக உயர்ந்த தொலைக்காட்சி ரேட்டிங் 1979 இறுதி ஆட்டத்துக்கு, மேஜிக் ஜான்சனும் லேரி பேர்டும் மோதியது. அது நடந்தது சால்ட் லேக் சிட்டியில், யூட்டா பல்கலைக்கழக அரங்கத்தில், பதினைந்தாயிரம் சொச்சம் பேர் முன்னால். 2024ஐப் பாருங்கள். கிளீவ்லாந்தில் சாதாரண அரங்கத்தில் நடந்த மகளிர் இறுதி ஆட்டத்தை சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். மறுநாள் அரிசோனாவின் கிளென்டேல் ஸ்டேடியத்தில் 74,423 பேர் முன்னால் நடந்த ஆடவர் ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். அந்த மகளிர் ஆட்டத்தின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கால்தான் அது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களால்தான் கூட்டம் வருகிறது, கட்டடத்தால் வருவதில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஒரு வாதம் எனக்கும் கனமாகத் தெரிகிறது. இருபதாயிரம் இருக்கை என்றால் பணக்காரர்களும் ஸ்பான்சர்களும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சாதாரண ரசிகருக்கும் மாணவருக்கும் இடமே கிடைக்காது. உண்மைதான், அந்த ஆபத்து இருக்கிறது. அதனால் அரங்கத்துக்குத் திரும்பும்போது நான்கு கல்லூரி மாணவர்களுக்கும் கோர்ட்டையொட்டி இத்தனை இருக்கை, குறைந்த விலையில், என்று நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள். ஸ்டேடியத்தை முற்றிலும் விட முடியாதென்றால் இடைவழியும் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தின் முதல் சுற்று லீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் கால்பந்து (சாக்கர்) ஸ்டேடியத்தில்தான் நடந்தது. அங்கே மைதானத்தின் ஒரு பாதியை மேலே தூக்கி மறு பாதியின்மேல் நகர்த்திவிட்டு, கிடைத்த பள்ளத்தைச் சுற்றி இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் இருக்கைகளோடு அரங்கம் அமைத்தார்கள். நம் ஸ்டேடியங்களில் தரை நகராது, ஆனால் பழையபடி ஒரு முனையில் கோர்ட் போட்டுத் திரை கட்ட யார் தடுக்கிறார்கள்?

ஏற்கெனவே ஒதுக்கிவிட்ட நான்கு வருடங்களை இனி மாற்ற முடியாது என்பது புரிகிறது. அதற்குள் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு அணி பெஞ்சையும் மேடை மேல், கோர்ட் மட்டத்துக்கே கொண்டுவாருங்கள். நாலு பக்கமும் பலகையை இன்னும் அகலமாக நீட்டுங்கள், அதற்காகச் சில வரிசை விலையுயர்ந்த இருக்கைகள் போனால் போகட்டும். கோர்ட்டே சரியாகத் தெரியாத மேலடுக்கு இருக்கைகளுக்கு டிக்கெட் விற்கும்போது அங்கிருந்து எடுத்த படத்தை வாங்குபவருக்குக் காட்டுங்கள். டெட்ராய்ட்டிலேயே இதைத் தொடங்கலாம்.

மரியாதையுடன்,
மார்ச் மாதம் முழுக்க உங்கள் ஆட்டங்களோடு வாழும் ஒரு ரசிகன்